குட்டி தங்க மாட்டேங்கு, டாக்டரம்மா

மானூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சரி. சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

2014-இல் எட்டயபுரம் சந்தையில் 14 பெட்டைகளும் ஒரு கிடாவும் வாங்கிப் பட்டி போட்டிருக்கிறார். எல்லாம் கன்னி ஆடு. கறுப்பு உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுமாக, பால்கன்னி என்று சொல்வோமே, அது. உடைமரம் நிற்கும் சொந்த நிலத்தில் வேலி போட்டு மேய்க்கிறார். அதன் பிறகு வெளியிலிருந்து ஓர் ஆடுகூடப் பட்டிக்குள் வரவில்லை. "நம்ம ஆட்டு ரத்தம் கலப்பில்லாம இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன்" என்று எழுதுகிறார். 2017 வரை சந்தையில் வாங்கிய கிடாவே பொலிகிடா, அதாவது பெட்டைகளைச் சினையாக்க விடும் கிடா. அடுத்து அதன் மகன். 2021 முதல் அந்த மகனுக்குப் பிறந்த பேரன். இன்று பெட்டைகள் மட்டும் 44.

முதல் ஐந்தாறு வருடம் ஈத்துக்கு இரண்டு குட்டி என்பது சாதாரணமாக இருந்திருக்கிறது. இப்போது ஒற்றைக்குட்டிதான் அதிகம். போன வருடம் பிறந்த 41 குட்டிகளில் 17 மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இரண்டு செத்தே விழுந்தன. ஒன்றுக்குக் கீழ்த்தாடை குட்டை. மடியைப் பிடிக்க முடியாமல் போய்விட்டது. இன்னொன்று ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபடி இருந்ததாம். பெட்டைகள் இரண்டு மூன்று பருவம் தள்ளித்தான் சினை பிடிக்கின்றன. "குட்டி தங்க மாட்டேங்கு டாக்டரம்மா" என்பது கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது.

வீட்டில் அவரவருக்கு ஒரு காரணம். மனைவிக்குக் கண் திருஷ்டி. தம்பிக்கு, கன்னி ஆடே வேண்டாம், மொத்தமாகத் தள்ளிவிட்டுப் போயர் என்ற வெளிநாட்டுக் கறி ஆட்டின் கலப்பு வாங்க வேண்டும். ஊர்க்காரர்கள் "ரத்தம் கிட்ட வந்துட்டு" என்கிறார்கள், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து வந்த கெடுதல். வாசகரின் சொந்த யோசனை, சித்தப்பா மகனிடம் இருக்கும் கிடாவை மாற்றி வாங்கிக்கொள்வது. அந்தச் சித்தப்பா மகன் 2018-இல் இவரிடமிருந்தே எட்டுப் பெட்டைகளையும் ஒரு கிடாக்குட்டியையும் கொண்டுபோய்ப் பட்டி வைத்தவர். கூடவே ஒரு கேள்வி: "எங்க வீட்டுல மூணு தலைமுறையா அத்தை மக, மாமன் மகதான். எங்களுக்கு ஒண்ணும் ஆகலியே, ஆட்டுக்கு மட்டும் என்ன?" கடைசியில் சுடலைமாடன் கொடை பற்றி ஒரு கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்த நாலாவது பக்கம். எந்தக் கிடா எந்த வருடம், சித்தப்பா மகனுக்குப் போனது எந்தெந்த ஆடு என்று காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வைத்ததை நகல் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலான பட்டிகளில் இது கிடைக்காது. "எல்லாம் மனசுல இருக்கு" என்பார்கள். கீழே நான் போட்டிருக்கும் கணக்கெல்லாம் அந்தத் தாளை வைத்துத்தான்.

ஊர்க்காரர்கள் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் அதுதான் முழுக் காரணமா என்பதைப் பரிசோதனைக்கு முன்னால் நானும் சொல்லக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது.

ரத்தத்தைப் பழிக்கும் முன்

குட்டி செத்து விழுவதற்கும் சினை கலைவதற்கும் புருசெல்லா, கிளமிடியா போன்ற கிருமிகளும் காரணமாகலாம். குட்டிகள் கழிந்து சாவதற்கு ரத்தக் கழிச்சலும் குடற்புழுவும் போதும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்ட விவரம் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே முதல் வேலை, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய், குட்டி செத்துப்போன பெட்டைகளிடமும் கிடாவிடமும் ரத்தம் எடுத்துக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்பச் சொல்வது. ஒரு பத்து ஆட்டின் சாணத்தையும் கொடுத்துவிடுங்கள். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. அடுத்து ஒரு குட்டி செத்தால் புதைக்காமல் அங்கே கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வரும் வரை நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். மருமகள் மாசமாக இருப்பதாக ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். ஆடு குட்டி போடும் இடத்துப் பக்கமே அந்தப் பெண் வர வேண்டாம். இந்தக் கிருமிகளில் சில மனிதர்களுக்கும், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்தானவை.

இதையெல்லாம் சொன்னாலும், என் சந்தேகம் ஊர்க்காரர்கள் பக்கம்தான் சாய்கிறது. நோய் என்றால் பெரும்பாலும் ஒரு பருவத்தில் அடித்துவிட்டுப் போகும். உங்கள் பட்டியில் நடந்திருப்பது அப்படியில்லை. இரட்டைக்குட்டி குறைவது, சினை தள்ளிப்போவது, குட்டி எடை இல்லாமல் பிறப்பது, கிடா மந்தமாவது என்று எல்லாத் திசையிலும் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கம். உறவுச் சேர்க்கையின் நடை இதுதான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. உறவுக்குள் பிறந்த குட்டிக்கு எதிர்ப்புச் சக்தியும் குறைவாக இருக்கும். மற்ற குட்டி தாங்குகிற புழுவையும் கழிச்சலையும் அது தாங்காது. அதனால் "கழிச்சல்ல செத்துச்சு" என்பதும் உண்மை, "ரத்தம் கிட்ட வந்துட்டு" என்பதும் உண்மை என்று இரண்டும் ஒரே குட்டியில் நடக்கும்.

கோடு மட்டும் பளிச்சென்று இருக்கிறது

ஏரில் இரண்டு மாடு பூட்டுகிறோம். ஒன்று சுணங்கினாலும் இன்னொன்று இழுத்துவிடும், உழவு நிற்காது. ஒவ்வோர் உயிருக்குள்ளும் மரபணுக்கள் இப்படித்தான் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, தாய் வழியில் ஒன்று, தகப்பன் வழியில் ஒன்று. எல்லா உயிரும் நொண்டி மரபணுக்கள் சிலவற்றைச் சுமந்துகொண்டுதான் திரிகிறது. நீங்களும் நானும்கூட. ஜோடி நல்லதாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. தாயும் தகப்பனும் ஒரே பாட்டன் வழியில் வந்தவர்கள் என்றால், அந்தப் பாட்டனின் அதே நொண்டி மரபணு இரண்டு பக்கமிருந்தும் ஒரு குட்டிக்கு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. இரண்டு மாடும் நொண்டி. அந்த இடத்தில் உழவு நிற்கும்.

அதாவது உறவுச் சேர்க்கை புதிதாக ஒரு குறையை உண்டாக்குவதில்லை. சந்தையில் வாங்கிய அன்றே அந்தக் கிடாவுக்குள் ஒளிந்திருந்ததை இரட்டிப்பாக்கி வெளியே தள்ளுகிறது. அந்தக் கிடாவின் மேல் தப்பில்லை. வேறு எந்தக் கிடாவாக இருந்தாலும் வேறு ஏதாவது வெளியே வந்திருக்கும்.

நீங்கள் ஏமாந்த இடம் ஒன்று உண்டு, அண்ணாச்சி. சினை பிடிப்பது, ஈத்துக்கு எத்தனை குட்டி, தாயின் பால், குட்டியின் உயிர்ப்பிடிப்பு, நோயைத் தாங்குவது எல்லாம் ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை. உறவுச் சேர்க்கையில் முதலில் அடிபடுவது இவைதான். முகத்துக் கோடு, உடம்பின் நிறம், காதின் அமைப்பு ஆகியவை அப்படி அடிபடுவதில்லை. ஒரே அச்சாகி இன்னும் அழகாகத்தான் ஆகும். "கோடு முன்னைவிட எடுப்பா இருக்கு, ஆனா குட்டிதான் தங்கல" என்று எழுதியிருக்கிறீர்களே, அது முரண்பாடு இல்லை. இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். கன்னி ஆடு கலப்பில்லாமல் இருக்க வேண்டும் என்ற உங்கள் பிடிவாதம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இனம் சுத்தமாக இருப்பது வேறு, ஒரே கிடாவின் வம்சமாக இருப்பது வேறு. கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கன்னிக் கிடாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வந்திருந்தால் இனமும் கெட்டிருக்காது, குட்டியும் தங்கியிருக்கும்.

இது ஆட்டுக்காரர் அனுபவம் மட்டுமில்லை. கேத்ரின் ரால்ஸ் என்ற விலங்கியலாளரும் அவருடைய குழுவினரும் 1979-இல் விலங்குக்காட்சிசாலைப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். மான், மறிமான் போன்ற குளம்பு விலங்குகளில் 16 வகையை எடுத்து, உறவுக்குள் பிறந்த குட்டிகளையும் உறவில்லாமல் பிறந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். 15 வகையில் உறவுக்குள் பிறந்தவையே பிஞ்சில் அதிகம் செத்திருந்தன. அதுவரை "கூண்டு ஒத்துக்கலை, தீனி ஒத்துக்கலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நம்மைப் போலவே.

45 தலை, கணக்கில் 4

இனி அந்தக் காலண்டர் தாள். ஒரு குட்டியின் மரபணு ஜோடிகளில் நூற்றுக்கு எத்தனை ஒரே முன்னோரின் நகலாக இருக்க வாய்ப்பு என்று ஒரு கணக்கு உண்டு. உறவில்லாத தாய் தகப்பனுக்குப் பிறந்தால் 0. ஒரே தகப்பன், வேறு வேறு தாய் என்ற ஜோடிக்கு 12.5. கூடப்பிறந்த அண்ணன் தங்கை ஜோடிக்கு, அல்லது தகப்பன் மகள் ஜோடிக்கு 25.

நீங்கள் சந்தையில் வாங்கிய 15 ஆடும் ஒன்றுக்கொன்று உறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2017-இல் வந்த மகன் கிடா தன் தகப்பனின் மகள்களோடு சேர்ந்ததில் பிறந்த குட்டிகளுக்கு 12.5. இப்போதைய பேரன் கிடா அந்தக் குட்டிகளோடு சேரும்போது ஏறத்தாழ 22. கூடப்பிறந்தவற்றையே சேர்த்து வைத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் நீங்கள் ஒருநாளும் தெரிந்தே அப்படிச் சேர்க்கவில்லை. இந்தப் பேரன் தன் சொந்த மகள்களிடமே போயிருந்தால் 39. பட்டியில் 2022-க்குப் பிறகு பிறந்த பெட்டைகள் சினையாகியிருக்கின்றன என்றால், வேறு கிடா இல்லாத இடத்தில் அதுதான் நடந்திருக்கிறது.

"44 பெட்டை இருக்கே, அத்தனை சீக்கிரம் நெருங்கிருமா?" என்று கேட்கிறீர்கள். இந்தத் தப்புக் கணக்கு உங்களுடையது மட்டுமில்லை. ஆடு வளர்ப்பில் நான் அதிகம் கேட்பதே இதுதான். பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் பாதி கிடாவிடமிருந்து வருகிறது. கிடா ஒன்றுதான் என்றால் அந்தப் பாதி முழுவதும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இதைச் சூத்திரத்தில் போட்டால், 44 பெட்டையும் ஒரு கிடாவும் உள்ள மந்தை, உறவு நெருங்கும் வேகத்தில், இரண்டு ஆணும் இரண்டு பெண்ணும் உள்ள மந்தைக்குச் சமம். 45 தலை, கணக்கில் 4. பெட்டையை இன்னும் 20 கூட்டினாலும் அந்த 4-ஐத் தாண்டாது. கிடாவை இரண்டாக்கினால் 7.7 ஆகும்; நான்காக்கினால் கிட்டத்தட்ட 15.

அத்தை மகள், மாமன் மகள் கேள்விக்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. அந்த ஜோடிக்குப் பிறக்கும் பிள்ளைக்கு 6.25. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் 12.5. மூன்று தலைமுறை தொடர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் மனிதர் வீட்டில் ஒரு தலைமுறைக்கு 25 வருடம். ஒவ்வொரு தலைமுறையிலும் எங்கிருந்தோ ஒரு மருமகளோ மருமகனோ வந்துவிடுவார். உங்கள் பட்டியில் பத்துப் பதினோரு வருடத்தில் எல்லாக் குட்டிக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா. அதற்காக மனிதருக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் ஆயிரக்கணக்கான பிரசவங்களைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பிறவிக் குறை நூற்றுக்கு 3 என்பது இப்படிப்பட்ட திருமணங்களில் 6 ஆக இருந்தது. நூற்றுக்கு 94 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. "எங்களுக்கு ஆகலியே" என்று எல்லோரும் சொல்வதற்கு அதுதான் காரணம். நான் ஆட்டு மருத்துவர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அடுத்த சம்பந்தம் பேசும்போது மனித மருத்துவர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா மகனின் கிடாவும் தம்பியின் யோசனையும்

சித்தப்பா மகனிடம் இருப்பது உங்கள் சந்தைக் கிடாவுக்குப் பிறந்த கடைசி மகனின் மகன். தாயும் அதே சந்தைக் கிடாவின் மகள். ஊர் மாறியிருக்கிறது, வம்சம் மாறவில்லை. அந்தக் கிடாவை உங்கள் பெட்டைகளுக்கு விட்டால் 22 என்பது 12.5-க்கு இறங்கும். ஒரே தகப்பன் பிள்ளைகளைச் சேர்த்த கணக்கு. இப்போது இருப்பதைவிடப் பரவாயில்லை என்று சொல்லலாம். அதற்காக ஒரு கிடா மாற்றத்தை வீணாக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரைக் கிடா மாற்றிக்கொள்ளச் சொல்லி, பெரிய ஆலோசனை சொன்னதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துப் போனால் முன்பு போலவே குட்டி சாகிறது. விசாரித்தால், இரண்டு பேரும் கிடை போடும் ஒரே கீதாரியிடம், ஒரே நாளில், அண்ணன் தம்பிக் கிடாக்களை வாங்கியவர்கள். அன்றிலிருந்து "எங்கே வாங்கினது?" என்று கேட்காமல் எந்தக் கிடாவையும் நான் பார்ப்பதில்லை.

தம்பி சொல்வதில் பாதி நியாயம் உண்டு. போயர் கிடாவை உங்கள் பெட்டைகளுக்கு விட்டால் முதல் தலைமுறைக் குட்டி திடமாகவே வரும். உறவே இல்லாத ரத்தம் சேரும்போது கிடைக்கும் வலு அது. அதைப் பார்த்துத்தான் ஊரெல்லாம் மயங்குகிறது. கறிக்கு விற்க என்றால், வயதான பத்துப் பெட்டையைத் தனியாகப் பிரித்து அப்படி விடலாம். நான் தடுக்க மாட்டேன். தலை ஈத்துப் பெட்டையிடம் மட்டும் விடாதீர்கள், பெரிய குட்டி வெளியே வரத் திணறும். அந்தக் கலப்புக் குட்டிகளையே தாயாக வைத்து அடுத்த தலைமுறை எடுத்தால் முதல் தலைமுறையின் வலு அப்படியே தொடராது. சித்திரை வெயிலில் கரிசலில் உடைநெற்றைப் பொறுக்கித் தின்று தாக்குப்பிடிக்கிற குணமும் கரைந்துவிடும். கன்னி ஆடு நம் பக்கத்து நாலைந்து மாவட்டத்துக்கே உரிய ஆடு. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள மையத்தின் பதிவில் தனி இனமாக இருக்கிறது. மொத்தமாகத் தள்ளிவிட வேண்டிய அவசியம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

"நோஞ்சான் எல்லாம் செத்துப்போனா மிச்சம் கெட்டியா நின்னுக்கிடும்லா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் சில்லிங்காம் என்ற இடத்தில் ஒரு வெள்ளை மாட்டு மந்தை 300 வருடமாக வெளி ரத்தம் இல்லாமல் உயிரோடு இருக்கிறது. உண்மைதான். அப்படி அடைத்து வைத்து அழிந்துபோன மந்தைகளைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை, அவ்வளவுதான். உயிரையே எடுக்கும் குறைகள்தான் இப்படிக் கழியும். பாலைக் குறைப்பது, ஒரு பருவம் தள்ளிப்போகச் செய்வது போன்ற சின்னக் குறைகள் மந்தையிலேயே தங்கிவிடும்.

ஒரு பூமா, ஒரு ஓநாய்

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சதுப்புக் காட்டுக்குள் பூமா என்ற பெரிய பூனையினத்தின் ஒரு கூட்டம். 1990-களின் தொடக்கத்தில் மிஞ்சியது 20, 30 என்ற அளவில்தான். வால் நுனி மடங்கியிருந்தது; இதயத்தில் ஓட்டை; ஆண்களில் பலவற்றுக்கு விதை கீழே இறங்கவே இல்லை. 1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எட்டில் ஐந்து குட்டி போட்டன. கலந்து பிறந்த குட்டிகள் அதிகம் பிழைத்தன. மடங்கிய வால் குறைந்தது. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. உங்கள் பட்டிக்கும் இதேதான் மருந்து.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே நாட்டில் சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஐல் ராயல் என்ற தீவு. அங்கே ஓநாய்கள் இதேபோல் நெருங்கிப்போயிருந்தன. 1997-இல் ஏரி உறைந்தபோது பனிமேல் நடந்து ஓர் ஆண் ஓநாய் தீவுக்குள் வந்தது. நல்ல வாட்டசாட்டம். உள்ளூர் ஆண்கள் எதுவும் அதன் முன் நிற்க முடியவில்லை. கூட்டம் முதலில் தேறியது. ஆனால் சில தலைமுறைக்குள் தீவில் இருந்த எல்லா ஓநாயும் அதன் வம்சமாகிவிட்டது. தன் மகளோடே அது சேர்ந்து குட்டி ஈன்றதும் நடந்தது. கடைசியில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. அவை தகப்பனும் மகளும். தாய் வழியில் பார்த்தால் உடன்பிறப்பும்கூட. 2018-இல் வெளியிலிருந்து மறுபடி ஓநாய்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

நீங்கள் நாளைக்கே ஓர் அருமையான கிடாவை வாங்கி வந்து, அது நன்றாக இருக்கிறதே என்று ஆறு வருடம் வைத்திருந்தால், ஐல் ராயல் கதை மானூர் பக்கத்தில் நடக்கும்.

(வல்லநாட்டு மலையில் வெளிமான்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஓநாய்கள் நினைவுக்கு வரும். சுற்றிலும் ரோடும் வயலும் வீடும். அந்த மலை மான் வேறு எங்கே போய் வம்சம் மாற்றும்? அது வனத்துறை பார்க்க வேண்டிய கணக்கு. உங்கள் பட்டிக் கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது.)

புதுக் கிடா

ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு பட்டியிலிருந்து. சந்தையில் வேண்டாம். சந்தையில் தாய் யார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நோயும் கூடவே வரும். பட்டிக்கே போய்த் தாயைப் பாருங்கள். இரட்டைக்குட்டி போட்டு இரண்டையும் வளர்த்த தாயாக இருக்கட்டும். கிடாவுக்கு இரண்டு விதையும் சமமாக, கெட்டியாக, முழுதாக இறங்கியிருக்க வேண்டும். வாயைத் திறந்து கீழ்ப்பல் மேல் ஈறோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கொம்புள்ள கிடாவாக எடுங்கள். சில ஆட்டினங்களில் கொம்பில்லாத தன்மையும் ஆணா பெண்ணா எனத் தெரியாத குட்டிகளும் ஒரே மரபணுக் கோளாறில் வருகின்றன; உங்கள் குட்டி அந்த வகையா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் கொம்புள்ள கிடாவால் நஷ்டம் ஒன்றுமில்லை. வாங்கி வந்ததும் மூன்று நான்கு வாரம் தனியே கட்டி, ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் முடித்துப் பிறகு பட்டிக்குள் விடுங்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைக் குறை சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் கிடாக்குட்டியில் எது வேகமாக வளர்கிறதோ அது கொடைக்கு நேர்ந்ததாகிவிடும், இல்லை பக்ரீத் சந்தைக்குப் போய்விடும். விலை போகாமல் மிஞ்சுவது பொலிகிடாவாகிறது. உங்கள் பேரன் கிடாவும் அப்படி மிஞ்சியதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் தரத்தை வெட்டிவிட்டு மூன்றாம் தரத்தை விதைக்கு வைக்கிற வேலையை நெல்லில் யாராவது செய்வோமா?

பெட்டைகளை இரண்டு பங்காகப் பிரித்துக் காதில் இரண்டு நிறத்தில் வில்லை போடுங்கள். சிவப்புக்கு ஒரு கிடா, நீலத்துக்கு ஒரு கிடா. இவற்றின் மகள்கள் பருவத்துக்கு வரும்போது சிவப்பின் மகள்களை நீலக் கிடாவுக்கும் நீலத்தின் மகள்களை சிவப்புக் கிடாவுக்கும் விடலாம். இப்படி நாலு வருடம் ஓட்டலாம். ஐந்தாவது வருடம் இரண்டையும் கொடுத்துவிட்டு வெளியிலிருந்து வேறு இரண்டு. சித்தப்பா மகனையும் இதே நேரத்தில் வேறு பட்டியில் கிடா வாங்கச் சொன்னால் அடுத்த சுற்றில் நீங்கள் இருவரும் மாற்றிக்கொள்ள முடியும். அப்போதுதான் அந்த மாற்றத்துக்கு அர்த்தம் உண்டு.

கிடாக்குட்டிகளை மூன்று மாதத்துக்கு மேல் தாயோடு விடாதீர்கள். நாலைந்து மாதத்தில் அது தாயையே சினையாக்கிவிடும். விற்பதைத் தவிர மற்றவற்றுக்குக் காயடித்துவிடுங்கள். தாடை குட்டையான குட்டியைப் போட்ட பெட்டையின் மகள்களைத் தாயாட்டுக்கு வைக்க வேண்டாம். இன்னும் இரட்டைக்குட்டி போடுகிற கிழட்டுப் பெட்டைகள் நாலைந்து இருப்பதாகச் சொன்னீர்கள்; அவற்றைக் கடைசி வரை விற்காதீர்கள். காலண்டர் தாளுக்குப் பதில் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள்: குட்டி, தாய், தகப்பன், பிறந்த தேதி, இருக்கிறதா போனதா. ஐந்து கட்டம் போதும்.

எப்போது தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஆறாவது மாதமே என்னைத் திட்டுவீர்கள். உறவில்லாத கிடாவுக்குப் பிறக்கும் முதல் குட்டிக்கே அந்த 22 ஒரே எட்டில் 0 ஆகிவிடும். தாய் எவ்வளவு நெருங்கிய வம்சமாக இருந்தாலும் சரி. ஆகவே ஏழெட்டு மாதத்தில் விழும் முதல் குட்டிகளிலேயே பிழைப்பது கூடியிருக்கும். ஆனால் தாய் பழைய தாய்தான். அவள் சினை பிடிக்கும் வேகம், இரட்டைக்குட்டி, பால் எல்லாம் அவளுடைய உடம்பைப் பொறுத்தவை, அவை மாறாது. சீம்பால் போதவில்லை என்று தோன்றினால் முதல் மூன்று நாளைக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு தாயிடம் ஊட்டுங்கள். இரட்டைக்குட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் புதுக் கிடாவின் மகள்கள் வளர்ந்து இரண்டாவது ஈத்து போட வேண்டும். இரண்டரை, மூன்று வருடம். உங்கள் வீட்டு அக்காவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திருஷ்டி கழிக்க வேண்டுமென்றால் கழிக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை.

கடைசிக் கேள்வி. பேரன் கிடாவைச் சுடலைமாடன் கொடைக்கு விடலாமா, "கறியில தோஷம் ஒட்டுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். உறவுச் சேர்க்கையால் கறிக்கு ஒன்றும் ஆகாது, தின்கிறவர்களுக்கும் ஒன்றும் ஆகாது. ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும். ஊசி மருந்து ஏதாவது போட்டிருந்தால் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று போட்ட மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் தாராளமாக விடலாம். வேறு யாராவது பொலிகிடாவாகக் கேட்டு வந்தால் மட்டும் கொடுக்காதீர்கள். நல்ல விலை சொன்னாலும்.